கேள்விகளைக் குறித்துக்கொண்டவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காசநோய் ஆய்வில் உடனிருந்த மருத்துவர்கள், தாதியர், மருந்தாளர்கள், ஆலோசனைக் குழுத் தோழர்கள், மண்டபம் தந்துதவிய தமிழ்ச் சங்கப் பெரியோர் அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகமும் மாகாண மருத்துவமனையும் இணைந்து நடத்தும் மருந்தெதிர்ப்புக் காசநோய் ஆய்வில், ஊர்மக்கள் சார்பில் ஆய்வாளர்களிடம் கேள்வி கேட்கும் சமுதாய ஆலோசனைக் குழுவில் எனக்கிருந்த மூன்றாண்டுப் பொறுப்பு சென்ற மாதத்தோடு முடிந்தது. விடைபெறும் கூட்டத்தில் பேசச் சொன்னபோது எனக்கு நா எழவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் இக்குழுவுக்கு வந்ததற்குக் காரணம் என் அண்ணன். 2016இல் அவருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்று தெரிந்தபோது, அன்றைய வழக்கப்படி மாதக்கணக்கில் கனமைசின் ஊசி போட்டார்கள். நோய் தீர்ந்தது, செவி போயிற்று. அம்மருந்து முதலில் உயர்ந்த சுருதியைத்தான் தின்னும். காவடித் திருநாளில் உறுமியின் அடி இன்றும் அண்ணனுக்குக் கேட்கிறது, பூசை மணி கேட்பதில்லை. என் கட்டைக் குரல் கேட்கிறது, பேத்தியின் குரல் கேட்பதில்லை. காது போகக்கூடும் என்று ஊசி தொடங்குமுன் எவரும் எங்களிடம் சொல்லவில்லை. அது எந்த மருத்துவமனை என்று எழுதி இப்போது யாருக்கும் பயனில்லை. 2018 ஜூனில் நம் அரசு அந்த ஊசிகளுக்குப் பதிலாக பெடாகுவிலின் மாத்திரையைக் கொண்டுவந்ததை வானொலியில் கேட்டு அவருக்கு எழுதிக் காட்டினேன். இரண்டாண்டு பிந்திவிட்டதே என்றார், அவ்வளவுதான்.

எங்கள் மாகாணத்து டுகேலா ஃபெர்ரி என்ற ஊரின் கிராம மருத்துவமனையில் 53 நோயாளிகளுக்கு ஏறக்குறைய எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய் இருந்ததையும், அவர்களில் 52 பேர் இறந்ததையும், அங்கிருந்த மருத்துவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2006இல் உலகுக்கு அறிவித்தார்கள். சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவர்களுக்குத் தோன்றியிராவிட்டால் அந்தச் சாவுகள் வேறு கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினிசோலிட் என்ற மூன்று மாத்திரைகளை ஆறு மாதம் உட்கொண்ட 109 தென்னாப்பிரிக்க நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் தேறியதாக 2020இல் வெளிவந்த ஆய்வும், எங்கள் ஆய்வும், அந்த வழியில் வந்தவையே. உங்களுக்கு நான் சொல்லும் நன்றியில் அவர்களுக்கும் பங்குண்டு.

ஆனால் லினிசோலிட்டுக்கும் ஒரு விலை உண்டு: அது நரம்பைத் தாக்கக்கூடும். ஆய்வில் சேரும் நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தை முதல் கூட்டத்தில் எங்களிடம் தந்தபோது, அதில் 'புற நரம்புப் பாதிப்பு' என்று மட்டும் இருந்தது. மினிபஸ் டாக்சி ஓட்டும் குழுத் தோழர் ஒருவர், "பாதம் மரத்துப்போனால் கிளட்ச் காலுக்குத் தெரியுமா?" என்று ஜூலு மொழியில் கேட்டார். அறை அமைதியானது. மருந்தாளர் அம்மா சமாளிக்கவில்லை, "தெரியாமல் போகலாம்" என்று சொல்லி, கேள்வியைப் படிவத்தின் பின்பக்கத்தில் கேட்டபடியே எழுதிக்கொண்டார். படிவத்தில் ஒரு வரியை மாற்றவும் நெறிமுறைக் குழுவின் இசைவு வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அத்தனை கடிதப் போக்குவரத்தையும் நடத்தி முடித்து, பாதம் மரத்துப்போகலாம் என்றும், வண்டி ஓட்டுபவர் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் எழுதிய படிவத்தை எங்கள் முன் வைத்தீர்கள். ஒவ்வொரு வருகையிலும் சிஸ்டர் இசைக்கவையைத் தட்டி நோயாளியின் கால் பெருவிரலில் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்பதை நானே அருகிலிருந்து பார்த்தேன். அண்ணனின் செவியை யாராவது இப்படி மாதந்தோறும் கேட்டுப் பார்த்திருந்தால் என்ற எண்ணம் அப்போது வராமலில்லை. அதை உங்கள்மேல் குறையாகச் சொல்லவில்லை.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். பங்கேற்பாளரின் நேரத்துக்கும் சிரமத்துக்கும் பயணச் செலவுக்கும் ஈடு தரவேண்டும் என்பது இந்நாட்டு நெறி. அதைக் கணக்கிடுகையில் இரண்டு டாக்சி மாறி வருபவரை ஒரு டாக்சியில் வருபவராக எழுதியிருந்தார்கள். சண்டைபோட்டோம், திருத்தினீர்கள். முடிவுகளை மாநாட்டில் வாசிக்குமுன் எங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு முதலில் முகம் சுளித்த பேராசிரியரும் ஒரு சனிக்கிழமை வந்து, விளக்கப்படமின்றி இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

இம்மடலைத் தமிழில் எழுதுவது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்ச் சங்கப் பெரியோருக்காக. காசநோய் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துகிறவர்கள் நடுவில் நீங்கள் மண்டபத்தை வாடகையின்றித் திறந்துவிட்டீர்கள். காற்றோட்டம் வேண்டும் என்று சிஸ்டர் சொன்னதும், பெயிண்ட் ஒட்டித் திறக்காமல் கிடந்த ஆறு ஜன்னல்களையும் பொருளாளர் ஐயா ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தார். எழுபது வயதில் ஏணியேற வேண்டாம் என்று நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. ஜூலு அம்மாக்கள் அன்று கைதட்டிப் பாடியதை அவர் வீட்டில் சொன்னாரோ என்னவோ.

மண்டபச் சாவியைச் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். மூன்றாவது ஜன்னலின் கொக்கி இன்னும் தளர்வாகவே இருக்கிறது, அடுத்த கூட்டத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
குழுவின் முன்னாள் உறுப்பினர்,
சாட்ஸ்வொர்த்