உன் ஊசிக்கு முன்னால் வந்த நாய்கள்

மயிலாடுதுறை
ஞாயிறு காலை

அன்புள்ள நடராஜா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கவலையோடு, இரண்டாம் முறை சிரித்துக்கொண்டு. மாத்திரை போதாது, இன்சுலின் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, உயில் எழுதும் வேளை வந்துவிட்டதுபோல் எழுதியிருக்கிறாய். நான் ஒன்பது வருடமாக வயிற்றில் குத்திக்கொண்டுதான் இட்லி தின்கிறேன். இன்னும் உன்னோடு சண்டை போடத் தெம்பு இருக்கிறது.

அதைவிட, உன் பேத்தி கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "தாத்தா, இந்த மருந்துக்காக நாய்களைக் கொன்றார்களாமே?" நீ பதில் சொல்லாமல், "என் சிநேகிதன் விலங்கியல் வாத்தியார், அவனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று நழுவிவிட்டாய். மெழுகுத் தட்டில் ஆயிரக்கணக்கான தவளைகளைக் குத்திவைத்த கை இது. கேள்வி சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது.

கொன்றார்கள். அதைப் பூசி மெழுக வேண்டாம்.

கதை 1889இல் ஸ்ட்ராஸ்பர்கில் தொடங்குகிறது. ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி, யோசப் ஃபான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை முழுவதும் எடுத்துவிட்டார்கள். அது ஓயாமல் சிறுநீர் கழித்தது. சோதித்தால் அதில் சர்க்கரை. நம் நோயின் வேர் கணையத்தில் இருக்கிறது என்று அந்த ஒரு நாயால்தான் தெரிந்தது. ஆனால் அங்கிருந்து மருந்துக்கு வர முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இடையில் லண்டனில் ஒரு கல்லூரியில் நடந்ததைத்தான் உனக்கு விரிவாகச் சொல்ல ஆசை. 1902இல் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் நாயை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் செக்ரெட்டினைக் கண்டுபிடித்தார்கள். குடலிலிருந்து இரத்தத்தில் கலந்துபோய்க் கணையத்தைச் சுரக்கச் சொல்லும் பொருள் அது. 'ஹார்மோன்' என்ற பெயரையே ஸ்டார்லிங்தான் 1905இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்த 1902 டிசம்பரில் அவர் ஒரு பழுப்பு நிற நாயின் கணையக் குழாயைக் கட்டிவைத்தார். இரண்டு மாதம் அது கூண்டில் கிடந்தது. 1903 பிப்ரவரியில் மறுபடி வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, பேலிஸ் கையில் கொடுத்தார். பேலிஸ் அதே நாயின் கழுத்தை அறுத்து, உமிழ்நீர்ச் சுரப்பியின் நரம்பைப் பற்றி மாணவர்களுக்குச் செய்து காட்ட முயன்றார். அது சரியாக வரவில்லை. கடைசியில் நாயைக் கொல்லும் வேலை ஹென்றி டேல் என்ற இளைஞரிடம் போயிற்று. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

வகுப்பில் இரண்டு ஸ்வீடன் நாட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாய் துடித்தது, மயக்க மருந்தின் வாடையே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள். அதை ஸ்டீஃபன் கோல்ரிட்ஜ் என்பவர் பொதுக்கூட்டத்தில் பேச, பேலிஸ் அவதூறு வழக்குப் போட்டு 2,000 பவுண்டு இழப்பீடு வாங்கினார். நாய் மயக்கத்தில்தான் இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் சாட்சி சொன்ன ஸ்டார்லிங், ஒரே நாயை இரண்டு முறை பயன்படுத்தியது சட்டப்படி தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். ஏன் செய்தீர்கள் என்றால், இன்னொரு நாயைக் கொல்லாமல் மிச்சப்படுத்தவாம்! இந்தப் பதிலை நான் பல தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன், நடராஜா. கருணையா, சமாளிப்பா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வேடிக்கை அதன் பிறகுதான். 1906இல் லண்டனின் பேட்டர்சீ பகுதியில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். கீழே குடிநீர்க் குழாய், நாய்கள் குடிக்கத் தனித் தொட்டி. கல்வெட்டில், 1902இல் அதே கல்லூரியில் அறுக்கப்பட்ட 232 நாய்களையும் சேர்த்துக் குறிப்பிட்டிருந்தார்கள். மருத்துவ மாணவர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. 1907 டிசம்பரில் கழிகளில் நாய் பொம்மைகளைச் செருகிக்கொண்டு டிரஃபால்கர் சதுக்கத்தில் கலகமே செய்தார்கள். சிலைக்கு இரவும் பகலும் போலீஸ் காவல். கடைசியில் 1910 மார்ச்சில், விடிவதற்குமுன், 120 போலீஸ்காரர்கள் சூழ்ந்து நிற்க, நகராட்சியே அதைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. பெயர்கூட இல்லாத ஒரு நாய்! 1985இல்தான் பேட்டர்சீ பூங்காவில் மறுபடி ஒரு சிலை வந்தது.

இனி உன் ஊசிக்கு வருகிறேன். ஃபிரெடெரிக் பான்டிங் கனடாவில் தொழில் நடக்காத அறுவை மருத்துவர். மருத்துவமனை திறந்த முதல் மாத வருமானம் 4 டாலர். 1920 அக்டோபர் 31, விடியற்காலை இரண்டு மணி. தூக்கம் வராமல் எழுந்து ஒரு யோசனையைக் குறித்துவைத்தார். நாயின் கணையக் குழாயைக் கட்டிவிட்டால் செரிமானச் சாறு சுரக்கும் பகுதி வாடிவிடும். மிஞ்சும் பகுதியிலிருந்து மருந்து எடுக்கலாம். அந்தக் குறிப்பில் நோயின் பெயரையே எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறார். நான் திருத்தியிருந்தால் ஒரு மதிப்பெண் குறைத்திருப்பேன்.

பழுப்பு நாய்க்குச் செய்த அதே கட்டு என்பதைக் கவனித்தாயா?

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மெக்லியோட் என்ற பேராசிரியர் பத்து நாய்களையும், உதவிக்குச் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரையும் கொடுத்தார். 1921 மே மாதம் வேலை தொடங்கியது. கோடை வெப்பம், நெருக்கடியான அறை. இரண்டு வாரத்துக்குள் பத்தில் ஏழு நாய்கள் செத்துப்போயின. பல்கலைக்கழகம் கொடுத்தவை தீர்ந்த பிறகு, ஒன்று முதல் மூன்று டாலர் வரை கொடுத்து, எங்கே பிடித்தது என்று கேட்காமல் தெருவில் வாங்கினார்கள். ஜூலை 30 அன்று 410ஆம் எண் நாய்க்கு, வாடிய கணையத்திலிருந்து எடுத்த சாற்றைச் செலுத்தியதும் ஒரு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கியது. ஆகஸ்டில் ஒரே நாளில் இரண்டு நாய்களுக்குக் கணையத்தை எடுத்தார்கள். சாறு கொடுக்காத நாய் நான்கு நாளில் போயிற்று. சாறு பெற்ற 92ஆம் எண், மஞ்சள் நிற கோலி நாய், இருபது நாள் வாழ்ந்தது. நோயாளிகள் இறந்தபோது அழாத தான், அந்த நாய் இறந்த அன்று தனியே போய் அழுததாகப் பின்னாளில் பான்டிங் எழுதிவைத்தார். அழுது முடித்து அடுத்த நாயைத் தூக்கி மேசையில் வைத்திருப்பார். எனக்கு அந்த மனிதரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை, முழுதாக வணங்கவும் முடியவில்லை.

பேத்தியிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய இடம் இதுதான். குழாயைக் கட்டும் அந்த யோசனை தேவையே இல்லை என்று டிசம்பருக்குள் தெரிந்துவிட்டது. கசாப்புக் கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கணையத்தை முழுதாக எடுத்து ஆல்கஹாலில் பிரித்தாலே போதும். அப்படியானால் அந்தக் கோடையில் குழாய் கட்டிச் செத்த நாய்கள் ஒரு தவறான யோசனைக்குச் செத்தவை. அந்த வழியில் போகாமல் அவர்கள் இந்த இடத்துக்கு வந்திருப்பார்களா என்று கேட்டால், வந்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் கணக்கு எனக்கு நேராகவில்லை.

33ஆம் எண் நாயை மட்டும் மார்ஜோரி என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். கணையம் எடுத்த பிறகு எழுபது நாள் இருந்தது. பிறகு அறுத்துப் பார்த்தால் உள்ளே கணையத்தில் ஒரு பொட்டு மிஞ்சியிருந்ததாம்; அந்த எழுபது நாளும் சந்தேகத்துக்குள்ளானது. அது உயிரோடு இருக்கும்போதே, 1922 ஜனவரி 11 அன்று, லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சரியாக வேலை செய்யவில்லை. காலிப் என்பவர் சுத்தப்படுத்திய மருந்தை 23ஆம் தேதி போட்டபோது பையன் பிழைத்தான். அதே ஆண்டு, இந்த மருந்து உண்மைதானா என்று நேரில் பார்த்துவர பிரிட்டன் அனுப்பிய இருவரில் ஒருவர் யார் தெரியுமா? பழுப்பு நாயை முடித்துவைத்த அதே ஹென்றி டேல்.

இன்று நமக்குக் கிடைப்பதில் பெரும்பாலும் மாடும் இல்லை, பன்றியும் இல்லை. 1982இலிருந்து பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் தயாரிக்கிறார்கள். இதையும் குழந்தையிடம் சொல்; பிராணிகள் என்றால் உருகுகிறவள் அல்லவா.

ஊசி எரிகிறது என்று எழுதியிருந்தாய். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் எரியத்தான் எரியும். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பேனாவை வெளியே, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளலாமா, எத்தனை நாள் வைக்கலாம் என்று டாக்டரிடம் கேள். முனையை ஒவ்வொரு தடவையும் மாற்று, கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே இடத்தில் குத்தாதே, கட்டி தட்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டுவிட்டு இடம் மாற்றி மாற்றிப் போடு. தொந்திப் பிள்ளையார் மாதிரி உனக்கு இடத்துக்கா பஞ்சம்?

நான் காலையில் ஊசி போடும் நேரத்துக்குச் சரியாக எங்கள் தெரு நாய் ஒன்று வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம், நான் சட்டையைத் தூக்கினால் அடுத்து இட்லி வரும் என்பது. இரண்டு இட்லி. ஒன்றுக்கு மேல் எனக்கும் டாக்டர் அனுமதியில்லை, ஆகையால் மீதி அதற்கு.

தை பிறந்ததும் வருகிறேன். உன் வீட்டுத் திண்ணையைச் சரி செய்துவை.

அன்புடன்,
சாமிநாதன்