அனீசக்கான் பள்ளத்திலிருந்து அப்பாவைத் தூக்கி வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் அனீசக்கான் அருவியில் எங்கள் அப்பா விழுந்து காலை முறித்துக்கொண்டதும், முன்பின் தெரியாத ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து சேர்த்ததும் சொந்தக்காரர்கள் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்கிறீர்கள். தூக்கி வந்தவர்களுக்கு பர்மிய மொழியில் தனியாக எழுதி, அருவிப் பாதைக்கு மேலே இருக்கிற டீக்கடை அம்மாவிடம் சேர்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். இதைத் தமிழில் எழுதச் சொன்னது அப்பாதான். உதவி செய்தவர்களில் தமிழ் ஆட்களும் உண்டு, அப்புறம் மெட்ராசில், வியாசர்பாடியில் இருக்கிற பெரியப்பாவுக்கு இதை யாராவது படித்துக் காட்ட வேண்டும் என்பதும் அப்பாவின் ஆசை.

அப்பாவுக்கு 72 வயது. அந்த வயதில் அவரை எதற்கு அந்தப் பள்ளத்தில் இறக்கினாய் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாத்தாவுக்கு ரயில்வேயில் வேலை, அனீசக்கான் ஸ்டேஷனில். மாந்தலேயிலிருந்து லாஷியோ போகிற ரயில், மலையில் நேராக ஏற முடியாமல் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று இசட் எழுத்து மாதிரி மாறி மாறி ஏறுமே, அந்த ஏற்றம் முடிந்து வருகிற ஊர்தான் அனீசக்கான். அங்கிருந்து மேமியோ, இப்போது பியின் ஊ ல்வின் என்று பெயர் மாறின மலை ஊர், ஐந்து மைல் இருக்கும். அப்பாவும் பெரியப்பாவும் சின்னப் பிள்ளையில் ஞாயிற்றுக்கிழமையானால் அருவிக்கு இறங்கிவிடுவார்களாம், ஆளுக்கு ஒரு சோற்றுப் பொட்டலம். 1964-ல், கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு நம் ஆட்கள் கப்பல் கப்பலாக ஊரை விட்டுப் போன நேரத்தில், 16 வயதுப் பெரியப்பாவும் சின்னத் தாத்தா குடும்பத்தோடு மெட்ராசுக்குக் கிளம்பினார். தாத்தாவுக்கு வேலை இருந்ததால் எங்கள் குடும்பம் இங்கேயே நின்றுவிட்டது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் அருவிக்குத்தான் போயிருக்கிறார்கள். அதற்கப்புறம் அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு தடவை.

இப்போது பெரியப்பாவுக்குக் கண் பார்வை அனேகமாகப் போய்விட்டது. தீபாவளியன்று போனில் பேசும்போது, "டேய், அந்தத் தண்ணி சத்தம் இன்னும் காதுலயே இருக்குடா" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், அப்பா மறுநாளே மேமியோ போகணும் என்று ஆரம்பித்துவிட்டார். படம் எடுத்து அனுப்பினால் அண்ணனுக்குத் தெரியாது, சத்தத்தைப் பிடித்து அனுப்ப வேண்டும். மேலே காட்சி மேடையில் நின்று பிடித்தால் வெறும் இரைச்சல்தான் வரும், அடியில் போய் நிற்க வேண்டும் என்று பிடிவாதம். அண்ணன் கேட்டதற்காகத் தம்பி போகிறேன் என்கிறார், நான் எப்படி வேண்டாம் என்பேன்?

ரங்கூனிலிருந்து ராத்திரி பஸ், மாந்தலேயிலிருந்து டாக்சி. 21 மைலில் எல்லா வண்டியும் நிற்கிற இடத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, மேமியோவில் ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுத்தான் அருவிக்குப் போனோம். மழைக்காலம் முடிந்த நவம்பர் மாதம், தண்ணீர் நிறைய இருக்கும், பாதையும் கொஞ்சம் காய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் போனது.

பாதை ஆரம்பிக்கிற இடத்திலேயே மூன்று பெண் பிள்ளைகள் கூடவே நடக்க ஆரம்பித்தார்கள். கன்னத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்துப் பூசுகிற குழைவு), காலில் வெறும் ரப்பர் செருப்பு, தோளில் தண்ணீர் பாட்டிலும் கோலாவும் அடைத்த பை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அடிவரை வருவார்கள். நான் "எங்களிடம் தண்ணீர் இருக்கிறது, வர வேண்டாம்" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். இதை எழுதாமல் விட்டால் இந்த நன்றிக்கு அர்த்தமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சிகளா, அன்றைக்கு நான் பேசியது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். அவர்களில் மூத்தவள், சிவப்புச் சட்டை போட்டவள், பதில் ஒன்றும் பேசவில்லை. பத்தடி தள்ளி வந்தாள். முதல் செங்குத்து இறக்கம் வந்ததும் எங்கிருந்தோ ஒரு மூங்கில் கழியை ஒடித்து, கணுவை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்துவிட்டு அப்பா கையில் கொடுத்தாள். "அபோ, ப்யே ப்யே" என்றாள், தாத்தா மெதுவா மெதுவா என்று. இறங்குகிற வழியெல்லாம் அதே வார்த்தைதான். மற்றவர்கள் முக்கால் மணி நேரத்தில் இறங்குகிற பாதைக்கு நாங்கள் ஒன்றே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.

அருவியைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். சுமார் 400 அடி என்பார்கள். மேலே இருந்து பார்க்கும்போது எதிர் மலையில் தொங்குகிற வெள்ளை நூல் மாதிரிதான் இருக்கிறது, அடியில் போய் நின்றால் நெஞ்சுக்குள்ளே இடிக்கிறது. ஷான் மலை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அதைக் கரைத்துக் கொண்டுவந்து திரும்பவும் படியவிடுவதால் சில இடங்களில் பாறை மெழுகுவர்த்தி வழிந்த மாதிரி உருண்டு உருண்டு நிற்கிறது. அதன்மேல் பாசி. அடியில் ஒரு சின்ன பகோடா இருக்கிறது, சாரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் பச்சை பூத்துப் போயிருந்தது. அப்பா அதன் பக்கத்தில் நின்று போனை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடியில் துளி துளியாகச் சேர்ந்து வழிகிறது, துடைக்கவே இல்லை. நாலு நிமிஷம்.

திரும்புகிற வழியில் ஓடையைத் தாண்டும்போதுதான் விழுந்தார். கழி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இடது கால் இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டித் திருகிவிட்டது. போன் மட்டும் சட்டைப் பைக்குள் பத்திரம். கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. போனில் சிக்னல் இல்லை. நான் ஒருத்தி, கூட என் 14 வயது மகன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

நான் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பிள்ளைகள்தான் முதலில் ஓடி வந்தது. ஒருத்தி பையைக் கீழே போட்டுவிட்டு மேலே ஓடினாள், உண்மையிலேயே ஓடினாள், நாங்கள் ஒன்றே கால் மணி நேரம் இறங்கின பாதையில். சின்னவள் தண்ணீர் பாட்டில்களை ஓடைத் தண்ணீரில் போட்டுக் குளிர வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து வீக்கத்தின்மேல் உருட்டிக்கொண்டே இருந்தாள். சிவப்புச் சட்டைக்காரி அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விசிறினாள். பகோடாவுக்குக் கும்பிட வந்திருந்த ஒரு வயதான அம்மா தன் சால்வையைக் கொடுத்தார்கள். அவர்கள் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. அம்மா, உங்களுக்கும் நன்றி.

நாலு ஆண்கள் இறங்கி வந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், கையில் மண்ணோடு அப்படியே வந்திருக்கிறார்கள். ஒரு நீள மூங்கில். இரண்டு பேர் லுங்கியை அவிழ்த்தார்கள் (உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது), ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்தார்கள், இரண்டு முனையையும் கொத்தாகச் சுருட்டி மூங்கிலில் முடிச்சுப் போட்டார்கள். நம் வீட்டில் பிள்ளைக்குக் கட்டுகிற தூளிதான், வேறொன்றுமில்லை. பச்சைக் கட்டம் போட்ட லுங்கிக்காரர் முதலில் தானே அதில் உட்கார்ந்து மூன்று தடவை எம்பிப் பார்த்தார். மூங்கில் கிரீச் என்றது. தலையை ஆட்டிவிட்டு முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார், மறுபடியும் உட்கார்ந்து எம்பினார். அப்புறம்தான் அப்பாவைத் தொட்டார்கள்.

அந்த ஏற்றத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். பாதை மடங்கி மடங்கிப் போகும், மூங்கிலோ நீளம், திருப்பத்தில் திரும்பாது. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போகிறவர் நின்று கழியைத் தலைக்கு மேலே தூக்க, பின்னால் இருப்பவர் முட்டி போடுகிற அளவுக்குக் குனிந்து, கழி மேலேயும் கீழேயுமாகச் சாய்ந்து, அப்படியே அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். தூளி சரியாமல் இருக்க சிவப்புச் சட்டைப் பெண் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அப்பாவின் முதுகைத் தாங்கிக்கொண்டே வந்தாள். இருபது முப்பது படி ஏறினதும் தோள் மாற்றிக்கொள்வார்கள், யாரும் யாரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா "இறக்கி விடுங்கள், நான் ஒற்றைக் காலில் வருகிறேன்" என்று இரண்டு தடவை சொன்னார். அதற்கு அந்தப் பச்சை லுங்கி அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? நீங்கள் எங்களைவிட முன்னாடி இந்தப் பாதையில் நடந்தவர், நீங்கள் விருந்தாளி இல்லை, ஊர்க்காரர், பேசாமல் வாருங்கள் என்றார். அனீசக்கான் ஸ்டேஷன் கதையை அப்பா அவர்களிடம் சொல்லியிருக்கிறார், வலியோடு வலியாக, தூளியில் படுத்துக்கொண்டே! அந்த வார்த்தையைக் கேட்டதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

மேலே வந்து பார்த்தால் நாங்கள் காத்திருக்கச் சொன்ன வாடகை வண்டி போய்விட்டிருந்தது. சரி, அதை விடுவோம். டீக்கடை நடத்துகிற நேப்பாளி அம்மா தன் மகனை எழுப்பி, காய்கறி ஏற்றுகிற பிக்கப்பில் இருந்த கூடைகளை இறக்கச் சொல்லி, உள்ளே வீட்டு மெத்தையையே கொண்டுவந்து போட்டார்கள். காசு வாங்கவில்லை. நாங்கள் அத்தனை பேரும் குடித்த டீக்குக்கூட.

மேமியோவில் பர்செல் மணிக்கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி மருந்துக் கடை வைத்திருக்கிற பாய்க்கு நான் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. எக்ஸ்ரே எங்கே எடுப்பது என்று பர்மிய மொழியில் விசாரித்துவிட்டு, பதற்றத்தில் மகனிடம் தமிழில் ஏதோ சொன்னேன். கடைக்குள்ளேயிருந்து "எந்த ஊரும்மா நீங்க?" என்று குரல் வந்தது. அந்த நேரத்தில் அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்களோடே வந்தார், எக்ஸ்ரே முடியும்வரை இருந்தார், எலும்பில் விரிசல்தான், இடம் மாறவில்லை, மாவுக் கட்டு போதும் என்று டாக்டர் சொன்னதும் அப்பாவைவிட அவர்தான் அதிகமாகச் சந்தோஷப்பட்டார். ராத்திரி அவர் வீட்டிலிருந்து ரசமும் சோறும் வந்தது. மறுநாள் மாந்தலேவரை வண்டி பேசி அனுப்பியதும் அவர்தான். பாய், உங்கள் வீட்டம்மாவுக்கு என் நன்றியைத் தனியாகச் சொல்லுங்கள், அந்த ரசத்தை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனிமேல் அந்த அருவிக்குப் போகிறவர்கள் தயவுசெய்து காலையிலேயே இறங்குங்கள், ஏறுவதற்கு இறங்கினதைவிட ஒன்றரை மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். முட்டி வலி உள்ளவர்களும் வயதானவர்களும் மேலே இருந்தே பார்க்கலாம், இல்லையென்றால் லாஷியோ ரோட்டில் இருக்கிற பொய்க்காவ் அருவிக்குப் போகலாம், அங்கே இவ்வளவு இறக்கம் கிடையாது. முக்கியமாக, பை தூக்கிக்கொண்டு கூட வருகிற பிள்ளைகளை விரட்டாதீர்கள். ஒரு பாட்டிலுக்கு விலை கொஞ்சம் அதிகம்தான், கொடுங்கள். அந்தப் பாட்டிலை அவர்கள் அத்தனை தூரம் சுமந்து இறங்கி, விற்காவிட்டால் திரும்பச் சுமந்து ஏறுகிறார்கள்.

தூக்கி வந்த நாலு பேரும் காசை வாங்கவே இல்லை. நான் கையில் திணித்ததைப் பச்சை லுங்கி அண்ணன் திரும்ப என் மகன் சட்டைப் பையில் வைத்துவிட்டார். பிள்ளைகள் மட்டும், குடித்த மூன்று பாட்டில் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை.

அந்தச் சத்தத்தை அன்றைக்கு ராத்திரியே பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டோம். கால் முறிந்ததைச் சொல்லாமல்தான் அனுப்பினோம். நாலு நிமிஷமும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "நடுவுல ஒரு பொண்ணு குரல் கேக்குதே, ப்யே ப்யேன்னு, யாருடா அது?" என்றார். பெரியப்பா, அவள்தான் இவள்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பச்சைக் கட்ட லுங்கி எங்களோடு வந்துவிட்டது. பிக்கப்பில் அப்பாவின் காலுக்கு அடியில் மடித்து வைத்தது, அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. முடிச்சுப் போட்ட இடத்தில் ஒரு சாண் கிழிந்திருந்தது, அம்மா தைத்து, துவைத்து, மடித்து வைத்திருக்கிறார்கள். கூடவே புதிதாக இரண்டு லுங்கி வாங்கியிருக்கிறோம், ஒன்று அவருக்கு, ஒன்று லுங்கியை அவிழ்த்துக் கொடுத்த இன்னொருவருக்கு. அப்பாவுக்குக் கட்டுப் பிரித்ததும் பொங்கலுக்கு முன்னால் நாங்களே கொண்டு வருகிறோம். இந்தத் தடவை அப்பா டீக்கடையோடு நின்றுகொள்வார். மேமியோக்காரர்கள் யாராவது அனீசக்கான் பக்கம் போனால் அந்தப் பச்சை லுங்கி அண்ணனிடம் இதை மட்டும் சொல்லிவையுங்கள்.