முன்பணம் கட்டும் முன் முழு விலை தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கார்களுக்கான முழுப்பக்க விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது, சாலை வரியும் காப்பீடும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலை அல்லது மாதத் தவணை. வண்டி வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது ஆகியிருக்கும் மொத்தச் செலவு அவற்றில் இருப்பதில்லை. முதன்முறையாகக் கார் வாங்கும் நடுத்தரக் குடும்பங்கள் திணறிப்போவது இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழகத்தில் இந்த வித்தியாசம் சிறியதல்ல. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, சாலை வரி என்று நாம் சொல்லும் வாழ்நாள் வரி 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். வருமான வரியைப் போல வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்ற முறை இதில் கிடையாது. முழு விலைக்கும் அதே விகிதம்தான். ஆகவே 9.90 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,28,700 ரூபாய் என்றால், இன்னும் கொஞ்சம் வசதி கூடியது என்று விற்பனையாளர் காட்டும் 10.20 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,83,600 ரூபாய் ஆகிவிடும். விலையில் கூடுவது 30,000, வரியில் கூடுவது 54,900. வாங்குபவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே எந்த ரகம் என்று முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது காப்பீடு. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு, விபத்தில் பிறருக்கு ஏற்படும் பாதிப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீடு மூன்றாண்டுக்குக் கட்டாயம். ஆனால் அதை ஷோரூம் மூலமாகத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் தள்ளுபடி கிடையாது என்கிறவர்கள் உண்டு. அப்போது இரண்டு கணக்கையும் எழுத்தில் கேட்டு வாங்கி ஒப்பிடுவது நல்லது.

கடனிலும் இதே கவனம் தேவை. 8 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுக்கு வாங்கினால் தவணை சுமார் 16,600 ரூபாய். ஏழாண்டுக்கு வாங்கினால் சுமார் 12,900 ரூபாய். குறைந்த தவணையைப் பார்த்து மகிழ்பவரிடம், அவர் மொத்த வட்டியில் ஏறத்தாழ 85,000 ரூபாய் கூடுதலாகக் கட்டப்போவதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வண்டி தயாரான மாதத்தையும் ஆண்டையும் பதிவுக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் ஏறிவிடும் அந்த ஆண்டு முந்தையதாக இருந்தால், பின்னாளில் மறுவிற்பனை விலையைக் குறைக்கும். கார்களின் பாதுகாப்பை நட்சத்திரங்களால் மதிப்பிடும், 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மோதல் சோதனையில் அந்த மாடல் எத்தனை நட்சத்திரம் பெற்றது என்பதையும் தயங்காமல் கேட்கலாம். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்குத் தொடுதிரையைவிட இது முக்கியம்.

வரி, காப்பீடு, பதிவுக் கட்டணம், துணைப் பொருள்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டும் விலைப்பட்டியலை, முன்பணம் பெறுவதற்கு முன்பே தமிழில் அச்சிட்டுத் தரும்படி விற்பனை நிலையங்களுக்குப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். கார் விளம்பரங்களில் தமிழகத்துக்கான ஆன்-ரோடு விலையையும், அதாவது எல்லாச் செலவும் சேர்ந்த மொத்த விலையையும், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு விளம்பரதாரர்களைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திண்டுக்கல்.