அந்த ஒரு வரியையும் எழுதுங்கள்

ஸ்கேன் அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவர்களுக்கும், அதை உறையில் போட்டு எங்கள் கையில் கொடுத்தனுப்பும் நிர்வாகங்களுக்கும் வணக்கம்.

கீழ்முதுகு எம்ஆர்ஐ அறிக்கையில் என்ன இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்னுடையதிலும் வழக்கமானவைதான்: எல்4–எல்5 வட்டில், அதாவது கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வில், நீர்ச்சத்துக் குறைவு, பிதுக்கம்; அதற்குக் கீழே எல்5–எஸ்1இல் தேய்மானம். கடைசியில், ‘நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.’ ஒப்பிட வேண்டிய மருத்துவரைப் பார்க்க ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஒப்பிட்டுப் பார்த்தவன் நான்தான்.

தேய்மானத்தைக் குறித்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி ‘சிதைவு’ என்றது. அன்றிலிருந்து நான் குனியவில்லை. செருப்பைக் காலாலேயே துழாவி மாட்டிக்கொண்டேன். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நான்கு வயது மகள் தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டியபோது, அப்பாவுக்கு ஜவ்வு விலகிவிட்டது என்றேன். இரண்டு நாள் கேட்டாள், பிறகு கேட்கவில்லை. ஸ்கேனுக்கு முன்பே குறையத் தொடங்கியிருந்த வலி, அறிக்கை வந்த பிறகு கூடியது.

பத்தாம் நாள் மருத்துவர் என் காலைத் தூக்கிப் பார்த்தார், பெருவிரலை மேல்நோக்கி மடக்கச் சொன்னார். “உங்கள் வயதில் பாதிப் பேருக்கு இது இருக்கும். நடங்கள், குழந்தையைத் தூக்குங்கள்” என்றார். எனக்கு நிம்மதியைவிடக் கோபமே முந்திக்கொண்டு வந்தது.

பாதிப் பேருக்கு இருப்பது உங்களுக்கும் தெரியும்தானே? முதுகுவலி இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்த ஆய்வு 1994இலேயே வெளிவந்தது. எல்லா வட்டுகளும் சீராக இருந்தவர்கள் 36 விழுக்காடுதான். வலியில்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், நாற்பது வயதில் தேய்மானம் 68 விழுக்காட்டினருக்கு, பிதுக்கம் 50 விழுக்காட்டினருக்கு. இந்த ஒரு வரியைத்தான் அறிக்கையில் சேர்க்கச் சொல்கிறேன், படிப்பவருக்குப் புரியும் மொழியில்.

இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். இயந்திரத்தின் காந்த வலிமை எத்தனை டெஸ்லா என்பதற்கு இடமிருந்தது. முழு உடல் பரிசோதனை விளம்பரத்துக்கு அரைப் பக்கம் இருந்தது. ஆபத்தின் அடையாளம் எதுவும் இல்லாத முதுகுவலிக்கு முதல் வாரமே ஸ்கேன் எழுதித் தருகிறார்களே, அந்தச் சீட்டுக்கும் எங்கோ இடம் கிடைத்துவிடுகிறது. மன்னிக்கவும், அது வேறொரு மடலுக்கான பொருள்.

எதையும் மறைக்கச் சொல்லவில்லை. காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒரு வரியால் எல்லாம் மாறிவிடும் என்றும் நான் நம்பவில்லை. அறிக்கைகளில் இப்படிச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2020இல் வந்தது, மொத்தச் சிகிச்சை அதனால் குறையவில்லை. ஆனால் நான் கேட்பது சிகிச்சைக் கணக்கை அல்ல. உறையைப் பிரிப்பதற்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் இடையிலான அந்த ஒன்பது நாட்களை.

அந்த ஒரு வரியைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எல்4–எல்5 பிதுக்கத்தோடு நடமாடும் ஒருவன்