முழங்கால் அளவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முந்தைய கூட்டத்தில் கால்வாய் தூர்வாரியாச்சா என்று பேசுவோம், டீ குடிப்போம், கலைந்துவிடுவோம். இந்த முறை முதலில் வேறொன்றைப் பேசுங்கள். தண்ணீர் வந்தால் யார், எப்போது, எங்கே கிளம்புவது?

சென்னைப் புறநகரில், முடிச்சூர்ப் பக்கம் இருக்கும் நமக்கு வெள்ளம் புதிதில்லை. 2015 நவம்பரில் ஒரு முறை, டிசம்பரில் மறுபடி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு இன்னொரு முறை. ஆனாலும் மழை வலுத்தால் செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்றுதான் டிவியைப் பார்க்கிறோம். அந்தத் தண்ணீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது, அதாவது நம்மைத் தாண்டிக் கீழே. நமக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். செம்பரம்பாக்கம் மூடியே இருந்தாலும் நம் தெருவில் படகு ஓடலாம்.

2015 டிசம்பரில் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று உட்கார்ந்திருந்த வீடு எங்களுடையது. தண்ணீர் கேட்டைத் தாண்டியபோது நடுராத்திரி, கரண்ட் இல்லை. அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தெருப் பையன்கள் இரண்டு பேர் எதிர்வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனார்கள். அவருடைய இன்சுலின் பிரிட்ஜிலேயே நின்றுவிட்டது. மாடி வீட்டு அக்கா தானாகக் கூப்பிட்டதால் போனோம். நாங்களாகக் கேட்டிருக்க மாட்டோம், அத்தனை கூச்சம்.

அந்தக் கூச்சத்தைச் சங்கம்தான் போக்க வேண்டும். எந்தத் தரைத்தள வீட்டார் எந்த மாடிக்குப் போவது என்று இப்போதே பேசி எழுதி வையுங்கள். நடக்க முடியாதவர், டயாலிசிஸ் செய்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, இவர்கள் கனமழை எச்சரிக்கை வந்த அன்றே, பகல் வெளிச்சத்தில், உறவினர் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். மற்றவர்களுக்கு ஓர் அடையாளம் போதும்: தெருமுனை மின்கம்பத்தில் கணுக்கால் உயரத்தில் சிவப்புப் பெயின்ட் கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் பேச்சே கிடையாது, மாடிக்கு. முழங்கால் அளவு ஓடும் தண்ணீரில் திறந்த சாக்கடைக்குழி கண்ணுக்குத் தெரியாது.

கையோடு எடுத்துப்போகும் பை விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆதார், ரேஷன் அட்டை, பத்திர நகல், ஒரு வார மருந்து, டார்ச், பவர் பேங்க். சில்லறைப் பணத்தை மட்டும் மறக்க வேண்டாம். கரண்ட் போனால் ஏடிஎம்மும் இல்லை, ஜிபேயும் இல்லை. கிளம்பும்போது கேஸ் சிலிண்டரை மூடி, தரை நனைவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தெருவில் கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் உயிரோடு இருக்கும், அதையும்தான்.

அப்புறம், நம் வாட்ஸ்அப் குழு. மழை நாட்களில் காலை வணக்கப் படங்களை நிறுத்தச் சொல்லுங்கள். அவசரச் செய்தி அதற்குள் புதைந்துபோகிறது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டலாம்.

அந்த 2015 வெள்ளத்துக்குப் பிறகு நாங்களும் மாடி கட்டிவிட்டோம். ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம், கழிப்பறை உண்டு. பட்டியலில் முதல் பெயராக எங்கள் வீட்டை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது தெருவாசி