சுரங்கம் நிற்கும் ஆண்டில் கனிம நிதியும் நின்றுவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவது ஒருநாள் நிற்கும். அப்போது கடலூர் மாவட்டத்து மக்களுக்கு என்ன வழி என்று கேட்டால், "மாவட்ட கனிம அறக்கட்டளையில் பணம் இருக்கிறதே" என்பதுதான் வழக்கமான பதில். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சுரங்க நிறுவனங்கள் கட்டும் அந்தப் பணம் எப்படிச் சேர்கிறது என்று பார்த்தவர்கள் இவ்வளவு நிம்மதியாகப் பேச மாட்டார்கள்.

பழுப்பு நிலக்கரிக்கு ராயல்டி, அதாவது வெட்டியெடுக்கும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் தொகை, விலையில் 6 சதவீதம். 2015 ஜனவரி 12-க்கு முன் குத்தகை பெற்ற சுரங்கங்கள் அந்த ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையை அறக்கட்டளைக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். கணக்குக்காக டன் விலை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 120 ரூபாய், அறக்கட்டளைக்கு 36 ரூபாய். ஆண்டுக்கு 2 கோடி டன் வெட்டினால் 72 கோடி ரூபாய் வரும். வெட்டுவது பாதியானால் வரவும் பாதி. வேலையிழந்தவர்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்கும் ஆண்டில் வரவு பூஜ்யம்.

விதியில் இதற்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. அறக்கட்டளைப் பணத்தைச் செலவிடும் முறையை வகுக்கும் பிரதமரின் கனிமப் பகுதி நலத் திட்டத்துக்கு 2024-இல் வந்த திருத்திய வழிகாட்டுதல்களின்படி, ஆண்டு வரவு 10 கோடியைத் தாண்டும் மாவட்டங்கள் அதில் 10 சதவீதம் வரை வைப்பு நிதியாக ஒதுக்கி, சுரங்கம் ஓய்ந்த பகுதிகளின் வாழ்வாதாரத்துக்குப் பயன்படுத்தலாம். மேலே போட்ட கணக்கில் அது ஆண்டுக்கு 7.2 கோடி. பத்தாண்டு கைவைக்காமல் சேர்த்தாலும், வட்டி நீங்கலாக 72 கோடிதான். 1,000 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 18 கோடி ஆகிவிடும். நான்கே ஆண்டில் நிதி காலி. பயிற்சிக்கும் பாசனத்துக்கும் எங்கே போவது? இந்த 10 சதவீத உச்சவரம்பை 30 ஆக்கும்படி மாநில அரசு ஒன்றியச் சுரங்க அமைச்சகத்தை வலியுறுத்த வேண்டும். சாலைக்கும் சுற்றுச்சுவருக்கும் வேறு திட்டங்களில் பணம் உண்டு. (கல்வெட்டு வைத்துத் திறக்க முடியாது என்பதைத் தவிர வைப்பு நிதியில் வேறு குறை எனக்குத் தெரியவில்லை.)

அடுத்தது, யாருக்குக் கொடுப்பது என்பது. திட்ட விதி, 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்கு 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் விளக்கத்தையே எடுத்துக்கொள்கிறது. கையகப்படுத்துவதற்கு முன் மூன்றாண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், வாரதாரர், கூலி விவசாயத் தொழிலாளர் எல்லோரும் அதில் அடக்கம். பட்டாவை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் இவர்கள் அத்தனை பேரும் விடுபட்டுப்போவார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே கதிதான். ஓர் அனல் மின் நிலையம் மூடினால் நிரந்தரப் பணியாளருக்கு இடமாற்ற உத்தரவு வரும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு, ஒப்பந்தக்காரரின் காலம் முடிந்தது என்ற தகவல்தான் வரும். நெய்வேலியின் 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் 2020-இலேயே மூடப்பட்டுவிட்டது. இனி மூடப்போகிறவற்றுக்காவது, நுழைவு அனுமதிச் சீட்டையும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண்ணையும் ஒப்பிட்டு, யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு உழைத்தார் என்ற பதிவேட்டை இப்போதே தயாரிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறியபின் தேடினால் பாதிப் பேருக்கு ஆவணம் கிடைக்காது. கன்வேயர் பெல்ட்டைச் சூடேற்றி ஒட்டுவதில் கைதேர்ந்தவரிடம் ஐ.டி.ஐ. சான்றிதழ் இருக்காது. மூன்று மாதக் கணினி வகுப்பால் அவருக்குப் பயனில்லை. தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றளித்தால் சிமென்ட் ஆலையிலோ துறைமுகத்திலோ வேலை கேட்கலாம்.

அதிகம் பேசப்படாதது தண்ணீர். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் இருக்கும். சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆயக்கட்டுக்குப் பாய்கிறது. மோட்டார்கள் நின்றால் நிலத்தடி நீர்மட்டம் மேலேறும், வெட்டிய பள்ளம் நிறையும்; ஆழ்துளைக் கிணற்றுக்காரருக்கு அது நல்ல சேதி. ஏரி மதகை நம்பி நடவு செய்கிறவருக்கோ வரத்து குறையும். பரவனாற்றையும் வரத்து வாய்க்கால்களையும் தூர்வாரி மழைநீரைத் தேக்கும் வேலை சுரங்கம் ஓடும்போதே முடிந்தாக வேண்டும். ஆனால் கனிம நிதியில் 70 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி போன்ற முன்னுரிமை இனங்களுக்கு உரியது. பாசனம் மிச்சமுள்ள 30 சதவீதத்தில் சாலையோடும் பாலத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். போதாக்குறைக்கு, சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் நேரடிப் பாதிப்புப் பகுதி. தண்ணீர் அந்த வட்டத்தோடு நின்றுவிடுவதில்லை.

ஒன்றிய அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016-இல் 400 ஆன நிலக்கரி செஸ் என்ற தனி வரி, பழுப்பு நிலக்கரிக்கும் சேர்த்தே வசூலானது. 2017-18 வரை திரண்டது சுமார் 86,440 கோடி. தூய எரிசக்தி நிதிக்குப் போனது அதில் சுமார் 29,645 கோடி மட்டுமே. பின்னர் அந்த செஸ், மாநிலங்களுக்கான ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குத் திருப்பப்பட்டு, 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டது. ஜெர்மனி 2020-இல் நிலக்கரியைக் கைவிடும் கெடுவைச் சட்டமாக்கியபோதே, அந்தப் பகுதிகளுக்கு 2038 வரை 4,000 கோடி யூரோ என்றும் சட்டம் போட்டது. அங்கே பழுப்பு நிலக்கரி வெட்டும் லவுசிட்ஸ் பகுதியின் கோட்புஸ் நகரில் 1,200 பேருக்கு வேலை தரத் திட்டமிட்ட ரயில் பழுதுபார்ப்புப் பணிமனையின் முதல் கூடம் 2024 ஜனவரியில் திறந்தாயிற்று. பக்கத்துச் சுரங்கங்கள் அப்போது இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

அறக்கட்டளையின் ஆண்டறிக்கை நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வெளிவர வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் குறிஞ்சிப்பாடி, புவனகிரி, ஸ்ரீமுஷ்ணம் வட்டத்து ஊராட்சிகள் அதை மேசையில் வைக்கச் சொல்லி இரண்டு கேள்வி கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதவைக்கலாம்: வைப்பு நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது? பாதிக்கப்பட்டோர் பட்டியலில் நிலமில்லாதவர் எத்தனை பேர்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் மாவட்டம்.