மையத்தின் சாவி தாய்மாரிடம் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் மையங்களுக்கு ஊர் மக்களின் ஒத்துழைப்பைப் பெறுவது பற்றித் தங்கள் இதழில் சென்ற முறை வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டுரையின் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பெற்றோருக்குப் போதிய விழிப்புணர்வு இல்லாததால்தான் இத்தகைய கூட்டு முயற்சிகள் வேர்பிடிக்கவில்லை என்று, போகிற போக்கில், ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. பாம்பன் பக்கம் மீனவர் குடியிருப்பு ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியை எழுதியவர் எங்கள் பகுதிக்கு வந்திருந்தால், எந்த நேரத்தில் வந்தார் என்று அறிய விரும்புகிறேன். காலை பத்து மணிக்கு வந்திருந்தால் தாய்மார் ஒருவரும் அவர் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் அப்போது கழுத்தளவுத் தண்ணீரில் விற்பனைக்காகக் கடற்பாசி எடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

எங்கள் பெண்கள் பாசி எடுப்பது தாங்கள் அறியாததல்ல. அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு என மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது என்றும், மீன் இனப்பெருக்கக் காலத்தில் பாசியைத் தொடுவதில்லை என்றும் அவர்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்கே அஞ்சி அஞ்சிப் போக வேண்டிய நிலை வந்தபோதும், சங்கமாகத் திரண்டு அதிகாரிகளோடு பேசியவர்கள். அந்தக் கூட்டமைப்பை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு வழங்கப்பட்டது. கடலுக்கே விதி வகுத்துக் காக்கத் தெரிந்த பெண்களுக்குத் தாங்கள் பெற்ற பிள்ளையைப் பற்றி விழிப்புணர்வு இல்லை என்று எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

உண்மையான சிக்கல் நேரத்தில் இருக்கிறது. கடல் பிறையைப் பார்த்து நடக்கிறது. மையம் அலுவலக நாட்காட்டியைப் பார்த்து நடக்கிறது. நீர் வற்றும் வேளைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் விடியுமுன் வத்தையில், அதாவது சிறு படகில், ஏறியாக வேண்டும். அப்போது மையம் பூட்டிக் கிடக்கும். அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அன்று முழுவதும் பூட்டுத்தான். தவழும் பிள்ளையை யாரிடம் விடுவது? மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போடும். பிறகு அந்தப் பிள்ளையின் வருகைக் குறைவுக்கும் பெற்றோரின் விழிப்புணர்வின்மையே காரணம் என்று இன்னொரு கட்டுரையாளர் எழுதுவார். அதையும் தாங்கள் வெளியிடுவீர்கள்.

இந்த ஊர் வாய் மூடி இருந்துவிடவில்லை. கடலுக்குப் போகாமல் நான்கைந்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி தங்குவாள். திரும்பி வருபவர்கள் தங்கள் பாசியில் ஆளுக்குக் கொஞ்சம் அவள் பங்காகக் கொடுப்பார்கள். மையத்துக்குக் கட்டடம் இல்லாத காலத்தில் கோயில் திருவிழாச் சாமான்கள் வைக்கும் அறையை ஊர்க் கமிட்டியார் ஒழித்துக் கொடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வராத கோடையில் பக்கத்து ஜமாத்தார் தங்கள் செலவில் குடிநீர் இறக்கினார்கள். இவற்றுக்கெல்லாம் கல்வெட்டு கிடையாது, புகைப்படமும் கிடையாது. ஆகவே தங்கள் கட்டுரையாளரின் கணக்கில் இவை கூட்டு முயற்சிகளாக வரவில்லை போலும்.

கல்வெட்டோடு வந்ததும் ஒன்று உண்டு. ஒரு பெரிய நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எங்கள் மையத்துக்குச் சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கியும் ஆப்பிளும் வரைந்து, முற்றத்தில் இரும்புச் சறுக்குமரம் நட்டுவிட்டுப் போயிற்று. கடற்கரையில் இரும்பு என்ன ஆகும் என்று ஊரில் ஒரு சிறுவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். உப்புக்காற்றில் துரு ஏறி, விளிம்பு கிழிந்து, பிள்ளைகள் கிட்டே போகாதபடி நாங்கள் கயிறு கட்டி வைக்க வேண்டியதாயிற்று. தாய்மார் கேட்டது நிழலுக்கு ஒரு கூரையும் தண்ணீருக்கு ஒரு தொட்டியும்தான். திறப்பு விழா மேடையில் அவர்களுக்கு இடம் இல்லை; கைதட்ட மட்டும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

ஒவ்வொரு மையத்துக்கும் ஊராட்சி உறுப்பினரும் தாய்மாரும் சுயஉதவிக் குழுவினரும் கொண்ட கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2011-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது தாங்கள் அறிந்ததே. எங்கள் ஊரிலும் அப்படிக் குழு அமைந்தது. அதிகாரி வரும் நாளில், அவருக்கு வசதியான முற்பகலில், ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டுத் தாய்மார் வந்து உட்கார்ந்தார்கள். பாசி எடுக்கும் நாட்களில் மையத்தை விடியற்காலையில் திறந்து வைத்தால் போதும், பணியாளர் வரும் வரை நாங்களே முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம், சாவியை மட்டும் குழுவிடம் கொடுங்கள் என்றார்கள். கோரிக்கை பதிவேட்டில் ஏறியது. விதியில் இடமில்லை என்று வாய்மொழியாக ஒரு பதில் வந்தது. எழுத்தில் எதுவும் வரவில்லை. இதற்குப் பிறகும் மக்கள் பங்கேற்கவில்லை என்று சொல்பவர்கள், பங்கேற்ற மக்களுக்குக் கிடைத்த மறுமொழி என்ன என்பதையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.

உணவைப் பற்றியும் தங்கள் கட்டுரை தாய்மாருக்குப் பாடம் எடுத்திருக்கிறது. 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. மாநிலம் முழுவதுக்குமான கணக்கு இது. நகரத்து அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளும் இதில் அடக்கம். ஆனால் விழிப்புணர்வு இல்லாதவர்கள் என்ற பட்டம் எங்கள் கரைக்கு மட்டும் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆண்களின் வருமானம் நிற்கும். பாசியும் எடுக்கக்கூடாத காலம் அது. அடுப்பு எரிவதே பாடாக இருக்கும் அந்த மே மாதத்தில்தான் மையத்துக்குக் கோடை விடுமுறை விடுகிறார்கள். பணியாளர்களுக்கு ஓய்வு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. வெயிலில் நானும் உழைத்தவள்தான். கடற்கரை ஊர்களுக்கு மட்டும் அந்த விடுமுறையை வேறு மாதத்துக்கு மாற்றலாம் என்று எந்த அலுவலகத்துக்கும் தோன்றாததைத்தான் சொல்கிறேன். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. அண்ணன் பள்ளியில் உப்புமா சாப்பிடுவதை வாசலில் நின்று பார்க்கும் மூன்று வயதுத் தம்பி அதில் சேரவில்லை. அவனுடைய தாய் விடியுமுன் கடலுக்குப் போனவள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டபோது தாங்கள் பாராட்டித் தலையங்கம் எழுதினீர்கள். மகிழ்ச்சி. கடலில் இறங்குபவளுக்கும் வீட்டு வாசலில் கருவாடு காயவைப்பவளுக்கும் முதலாளி யார் என்று அந்தத் தலையங்கம் கேட்கவில்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குறைந்தது 40 பேர் உள்ள குடியிருப்பில் மையம் இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. அதைத் தங்கள் இதழ் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருந்தால், கிராம சபையில் கையில் வைத்துப் பேச எங்கள் பெண்களுக்கு உதவியிருக்கும். படகும் ஆட்களும் பிடிபட்டால், தை அமாவாசைக்குக் கூட்டம் கூடினால், 2025 ஏப்ரலில் நடந்ததுபோல் புதுப் பாம்பன் பாலம் திறந்தால் எங்கள் கரை தங்கள் பக்கங்களில் வருகிறது. மற்ற நாட்களில் இங்கே பிள்ளைகள் வளர்வது செய்தியாகாது என்பதைப் புரிந்துகொள்கிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. கட்டுரையில் உள்ள அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டும். கட்டுரை வந்த அதே பக்கத்தில் வந்தால் நன்றி. மாதத்தில் அந்த 12 நாட்களுக்கு மட்டும், ஞாயிறானாலும், மையத்தின் மாற்றுச் சாவி ஒன்றைத் தாய்மார் குழுவின் பொறுப்பில் கொடுப்பதற்கு என்ன தடை என்று தங்கள் செய்தியாளர் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே அச்சிட வேண்டும். எங்களுக்கு எழுத்தில் தராத பதிலைப் பத்திரிகைக்காவது தருவார்கள் என்று நம்புகிறேன். மேலும் விவரம் வேண்டுமானால் என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கும். இதற்கு முன் நான் எழுதி, வெளிவராமல் போன கடிதங்களிலும் அதைக் குறித்திருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பாம்பன் பகுதி, இராமநாதபுரம் மாவட்டம்.